மருந்து நுண்துணிக்கைகளும் மூளையும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையிலே, வவுணதீவு முதலான படுவான்கரை ஊர்களில், 'நனோ' என்னும் சொல் வேளாண்மைக்காரரிடையே பெருவழக்காகியது 2021-ஆம் ஆண்டின் பெரும்போகத்தின்போதாகும். இரசாயன உரத்தின் இறக்குமதிக்கு அவ்வாண்டு மே மாதத்தில் தடை விதிக்கப்பட்டிருந்தது. அதற்கு ஈடாக இந்தியாவிலிருந்து விமானங்களில் வந்திறங்கிய திரவ உரத்துக்கு 'நனோ நைதரசன்' என்று பெயர். அதே ஆண்டில் மக்களுக்கு ஏற்றப்பட்ட தடுப்பூசிகளுள் ஒன்றாகிய பைசர் தடுப்பூசியிலும், மருந்தைச் சுமந்து சென்றவை கொழுப்பினாலான நனோத் துணிக்கைகளே. ஒரே சொல் வயலுக்கும் உடம்புக்கும் ஒருங்கே வந்தமையால் ஐயமும் உடன்வந்தது. இத்துணை நுண்ணிய பொருள் உடம்பினுள்ளே எங்கெல்லாம் புகும்? மூளைக்குட் புகுந்தால் என்னாகும்?

இக்கேள்வியைப் பேதைமையென்று ஒதுக்குதல் முறையன்று. ஆராய்ச்சியாளரும் இதனையே கேட்டு வருகின்றனர். விடையின் ஒரு பகுதி, இச்சொல் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்னரே, பல மனித உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெறப்பட்டது.

முதற்கண் அளவைத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும். ஒரு மீற்றரை நூறு கோடி கூறாக்கினால் அவற்றுள் ஒரு கூறு நனோமீற்றர். தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நனோமீற்றர். செங்குருதிக் கலமொன்றின் அகலம் ஏறத்தாழ 7,000. 1 முதல் 100 நனோமீற்றர் வரையுள்ளவற்றையே பொதுவாக நனோத் துணிக்கை என்பர். மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிதாதல் எங்ஙனம் எனின், அது மேற்பரப்பினால் ஆவது. பக்கம் ஒரு சதமமீற்றரான கற்கண்டுக் கட்டியொன்றின் மேற்பரப்பு 6 சதுர சதமமீற்றர். அதே கட்டியை நனோமீற்றர்ப் பக்கமுள்ள சிறு கட்டிகளாக உடைத்தால், அவற்றின் மேற்பரப்பெல்லாம் கூடி 6,000 சதுர மீற்றராகும். அஃதாவது, ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் வயல்! ஒரு பொருள் மற்றொன்றோடு ஊடாடுவது அதன் மேற்பரப்பிலேயாகலின், கட்டியாக இருக்கையிற் சோம்பிக் கிடக்கும் பொருளும் நனோ அளவை எட்டியதும் சுறுசுறுப்படைகிறது. மஞ்சட் பொன் செந்நிறம் பெறுகிறது. பழைய சித்த வைத்தியரும் இதனைத் தம் முறையில் அறிந்திருந்தனர் போலும். பற்பம் முடிந்ததா என்பதை அறிய, அதனை விரலிடையே தேய்த்து ரேகைகளுட் புகுகின்றதா என்றும், நீரின்மேல் தூவி மிதக்கின்றதா என்றும் அவர்கள் பார்ப்பதுண்டு.

இனி மூளை. குருதியிற் கலந்த எதனையும் ஏற்றுக்கொள்ளும் உறுப்பன்று அது. 1885-இல் பவுல் ஏர்லிக் என்னும் ஜெர்மன் வைத்திய அறிஞர் விலங்குகளின் குருதியிற் சாயத்தைச் செலுத்திப் பார்த்தார். ஏனைய உறுப்புகள் நிறமேறின. மூளை மாத்திரம் நிறமேறவில்லை. சாயத்தைப் பற்றும் இயல்பு மூளைக்கு இல்லைபோலும் என்று அவர் கருதினார். அக்கருத்துப் பொருந்தாதென்பதை எட்வின் கோல்ட்மன் 1913-இற் காட்டினார். அவர் மூளையைச் சூழ்ந்துள்ள நீரிலே சாயத்தைச் செலுத்தியபோது மூளை நீலமாயிற்று. உடம்பின் மற்றைப் பகுதிகள் நிறமேறவில்லை. ஆகவே இரண்டுக்கும் இடையே வேலியொன்று இருத்தல் வேண்டும். 1967-இல் இலத்திரன் நுணுக்குக்காட்டியினூடாக அவ்வேலி கண்ணுக்குப் புலனாயிற்று. மூளையின் மயிர்த்துளைக் குழாய்களில், சுவராக அமைந்த கலங்கள் ஒன்றோடொன்று தைத்தாற்போல இடைவெளியின்றி இணைந்திருந்தன. குருதி மூளைத் தடுப்பு எனப்படுவது இதுவே.

மட்டக்களப்பாருக்கு இத்தடுப்பின் இயல்பை விளக்குதல் எளிது. வாவியின் முகத்துவாரத்திலே வறட்சிக் காலத்தில் மணல் திரண்டு கடலை மறித்துவிடும். மாரி வெள்ளம் பெருகும்போது அம்மணற்றிட்டு உடைந்தோ வெட்டப்பட்டோ வாயில் திறக்கும். மூளையின் தடுப்பும் எந்நாளும் ஒரே இறுக்கமுடையதன்று. மூளைக்காய்ச்சலால், தலையில் விழுந்த அடியால், பக்கவாதத்தால், புற்றுக்கட்டியால் அது தளரும், முதுமையிலும் தளரும். நலமுள்ள விலங்கிற் செய்த சோதனையை நோயாளிக்கு அப்படியே பொருத்தலாகாது என்று ஆராய்ச்சியாளர் எச்சரிப்பது இதனாலேதான். மருந்து பெறுவோர் நலமுள்ளவரல்லர் அன்றோ!

தடுப்பைச் சுற்றிச் செல்லும் ஒற்றையடிப் பாதையும் ஒன்றுண்டு. மூக்கின் உச்சியிலுள்ள மண நரம்புகளின் ஒரு முனை வெளிக்காற்றைத் தொட்டுக்கொண்டிருக்க, மறுமுனை நேரே மூளைக்குட் செல்கிறது. 1970-இல் டி லொறென்சோ என்பவர் குரங்குகளின் மூக்கில் 50 நனோமீற்றர் பொற்றுணிக்கைகளை இட்டபோது, அவை அந்நரம்பின் வழியே மூளையின் மணக்குமிழை அடைந்தன. 2004-இல் அமெரிக்காவின் றொச்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்தில் எலிகள் சுவாசித்த 36 நனோமீற்றர் காபன் துணிக்கைகளும் அவ்விடத்திலேயே காணப்பட்டன.

நோய் தீர்க்க முயல்வோருக்கோ இவ்வேலி பெருந் தடை. சோதனைக் குழாயில் வென்ற மருந்துகள் பல வேலியிலே தோற்றுவிடுகின்றன. 1995-இல் ஜெர்மனியின் பிராங்பேட் நகரில் ஜோர்க் குரோய்ட்டரும் அவர் துணைவரும் ஒரு சூழ்ச்சி செய்தனர். தானாக மூளைக்குட் செல்லமாட்டாத மருந்தொன்றைச் செயற்கைப் பிசினாலான நனோத் துணிக்கையில் ஏற்றி, அதன்மேற் சவர்க்காரத்தன்மையுடைய பொருளொன்றைப் பூசிச் சுண்டெலிகளுக்குச் செலுத்தினர். குருதியிலே கொழுப்பைச் சுமந்து திரியும் புரதம் அப்பூச்சின்மேற் படிகிறது. தனக்கு வேண்டிய கொழுப்பே வருகிறதென்று கருதிய மூளையின் வாயில் அதனை உள்ளே விடுகிறது என்று பின்னர் விளக்கினர். மருந்து மூளையில் வேலை செய்தது. வழி திறக்கத் தெரிந்துவிட்டது. சுமையை இறக்கிய பின் வண்டி என்னாகும் என்பதே இனிக் கேட்கவேண்டிய கேள்வி.

அக்கேள்வியைக் கேளாது விட்டதன் விளைவை ஒரு மருந்து காட்டியிருக்கிறது. அதன் பெயர் தோரோத்திராஸ்ற். அதன் உட்பொருள் தோரியமீரொட்சைட்டு. இப்பொருளோடு இலங்கைக்கும் ஓர் உறவுண்டு. 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனியவள அளவைக்குத் தலைவராயிருந்தவர் ஆனந்த குமாரசாமி. பின்னாளிற் கலையாராய்ச்சியால் உலகப் புகழெய்திய அதே குமாரசாமி. பலாங்கொடைப் பகுதியின் இரத்தினக்கல் அகழும் சரளையிலே கனத்த, கரிய, கனசதுரப் பளிங்குகளாகக் கிடைத்த கனியம் ஒன்றை 1904-இல் அறிவியலுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தோர் வரிசையில் அவர் பெயரே முன்னிற்கிறது. தோரியம் மிகுந்திருந்தமையால் அது தோரியனைற்று எனப் பெயர் பெற்றது. 1905-இல் இலண்டனில் ஓட்டோ ஹான் கதிர்த்தோரியத்தைக் கண்டுபிடித்ததும் இலங்கையிலிருந்து சென்ற தோரியனைற்றிலிருந்தே. குமாரசாமியை நடராச வடிவத்தின் விளக்கவுரையாளராக மட்டும் அறிந்தோர் இதனையும் அறிந்து வைத்தல் நன்று.

தோரியமீரொட்சைட்டு மருந்தான கதை போர்த்துக்கலிற் புகழ்பெற்றது. லிஸ்பன் நகர வைத்தியர் எகஸ் மொனிஸ், உயிரோடுள்ள மனிதரின் மூளைக் குருதிக்குழாய்களை 1927-இல் எக்ஸ் கதிர்ப் படத்திற் பதித்துக் காட்டினார். குழாய்கள் படத்தில் விழவேண்டுமாயின் கதிரை மறிக்கும் பொருளொன்றைக் குருதியில் ஏற்றல் வேண்டும். அப்படத்துக்கு அவர் ஏற்றியது அயடைட்டுக் கரைசல். அது நோயாளியை வருத்தியது. 1931-இல் தோரோத்திராஸ்றுக்கு மாறினார். அது தோரியமீரொட்சைட்டை நூற்றுக்கு 25 பங்கு அளவிற் கூழாகக் கலந்து ஆக்கிய நீர்மம். துணிக்கைகள் ஏறத்தாழ 3 முதல் 10 நனோமீற்றர். நனோ என்னும் சொல்லை அக்கால வைத்தியர் வழங்கவில்லையாயினும், பொருள் அதுவே. அதனை ஏற்றியபோது நோவில்லை, வாந்தியில்லை, மயக்கமில்லை. படமோ மிகத் தெளிவு. வைத்தியருக்கு இதனினும் வேறென்ன வேண்டும்?

தோரியம் கதிர்வீசும் பொருள் என்பது அன்றும் தெரியாததன்று. 1932-இலேயே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் மருந்துக் குழு எச்சரித்தது. எனினும் 1950-களின் நடுப்பகுதி வரை, பல நாடுகளில், இலட்சக்கணக்கானோருக்கு அது ஏற்றப்பட்டது. உடனடித் தீங்கு எதுவும் தோன்றாமையே அதனைக் காப்பாற்றி வந்தது. உள்ளே நடந்தது வேறு. குருதியில் மிதக்கும் அந்நியத் துணிக்கைகளை விழுங்குவதற்கென்றே ஈரலிலும் மண்ணீரலிலும் என்பு மச்சையிலும் கலங்கள் உண்டு. அவை தோரியத் துணிக்கைகளை விழுங்கின; ஆனால் கரைக்கவும் மாட்டாமல், வெளியேற்றவும் மாட்டாமல் தம்முள்ளே வைத்துக்கொண்டன. உடம்பிலுள்ள அளவு பாதியாகக் குறைய 400 ஆண்டு செல்லும் என்று பின்னர் கணக்கிட்டனர். அத்துணை ஆண்டும் வாழ்வார் யார்? இருந்த இடத்திலிருந்தே அவை கதிரைச் சொரிந்துகொண்டிருந்தன. 1947-இல் ஈரற் புற்றுநோய்பற்றிய அறிக்கை வெளிவந்தது. அதன்பின் ஜெர்மனி, டென்மார்க்கு, போர்த்துக்கல், யப்பான் ஆகிய நாடுகளில் இம்மருந்தைப் பெற்றோரைப் பல பத்தாண்டு தொடர்ந்து கவனித்தனர். ஊசி ஏற்றி இருபது, முப்பது ஆண்டு கழிந்த பின்னரும் ஈரற் புற்றும் குருதிப் புற்றும் தோன்றிக்கொண்டிருந்தன.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். மூளையைப் பார்ப்பதற்காக ஏற்றிய பொருள் ஈரலிற் குடியிருந்து கெடுத்தது. எவ்வுறுப்பை நோக்கி ஒரு துணிக்கையை அனுப்புகிறோம் என்பது வேறு. அது எங்கே தங்குகிறது என்பது வேறு. தோரியத்தின் கொடுமை அதன் கதிரால் வந்தது என்பதும், எல்லா நனோத் துணிக்கைகளும் கதிர்வீசுவன அல்ல என்பதும் உண்மையே. ஆயினும் கதிரை நீக்கிப் பார்த்தாலும், உடம்பு கரைக்க மாட்டாத பொருளை உள்ளே வைத்தால் அது போகாது என்னும் செய்தி எஞ்சி நிற்கிறது. ஆகவே ஒரு மருந்துத் துணிக்கையைப்பற்றிக் கேட்க வேண்டியது அது எவ்வளவு சிறிது என்பதன்று. அது எதனாலானது, உடம்பு அதனைக் கரைக்குமா, எப்போது வெளியேறும் என்பனவே.

அவ்வாறு தங்கும் இடம் மூளையாயின் என்ன நேரும்? மூளையிலும் துப்புரவு செய்யும் சிறு கலங்கள் உள்ளன. கரையாத துணிக்கையை விழுங்கிய அக்கலம் அதனைச் செரிக்க முயன்று, ஒட்சிசனின் கடுமையான வடிவங்களைச் சொரிகிறது. அவை துணிக்கையைத் தீண்டுவதில்லை; அருகிலுள்ள நரம்புக் கலங்களையே சுடுகின்றன. அழற்சி உண்டாகிறது, அழற்சி மேலும் துப்புரவுக் கலங்களை அழைக்கிறது. தோலிலும் குடலிலும் கெட்டுப்போன கலங்களுக்கு ஈடாகப் புதியன நாடோறும் தோன்றும். நரம்புக் கலங்களிற் பெரும்பாலானவற்றுக்கு அப்பேறு இல்லை. வெள்ளி, நாகம் போன்ற உலோகத் துணிக்கைகள் மெல்லக் கரைந்து நஞ்சாகவும் கூடும். துணிக்கையின் மேற்பரப்பிலே புரதங்கள் ஒட்டி நெருங்குவதால், அவை நார்களாகத் திரள்வது விரைவுபடும் என்றும் 2007-இற் சோதனைக் குழாயிற் கண்டனர். மறதி நோயுடையார் மூளையிற் காணப்படுவதும் ஒருவகைப் புரத நாரே. சோதனைக் குழாயிற் கண்டது மனித மூளையில் நடப்பதாகாது என்பதையும் உடன் சொல்லுதல் வேண்டும். கண்ணாடித் தட்டிலுள்ள கலங்களின்மேற் கொட்டப்படும் அளவில் நூற்றிலொரு பங்குகூட மருந்து பெற்றவர் மூளையைச் சென்றடையாதிருக்கலாம்.

தைத்தேனியமீரொட்சைட்டு இவ்வகையிற் பெரிதும் பேசப்படும் பொருள். கிழக்குக் கரையின் புல்மோட்டை மணலிலிருந்து இலங்கை ஏற்றுமதி செய்யும் இல்மனைற்றுக் கனியத்திலிருந்து இதனைப் பெறலாம். மாத்திரைகளின் வெண்மைக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. பற்பசையிலும் வெயிற்பூச்சிலும் உண்டு. உணவுக்கென விற்கப்படும் இத்தூளில் ஒரு பகுதி நனோ அளவினது. 2008-இற் சீன ஆய்வாளர் சுண்டெலிகளின் மூக்கில் ஒரு மாதம் இதனை இட்டபோது மணக்குமிழிலும், ஞாபகத்துக்குரிய மூளைப் பகுதியிலும் அது சேர்ந்தது; அக்கலங்களிற் சிதைவும் காணப்பட்டது. 2021-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை, உணவுச் சேர்க்கையாக இதனை இனியும் பாதுகாப்பானதெனக் கருதவியலாது என்றது. அடுத்த ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் உணவில் அதனைத் தடை செய்தது. ஆயின் மாத்திரைகளில் அனுமதி தொடர்ந்தது. உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் கூடி அமைத்த நிபுணர் குழுவோ 2023-இல் உணவிலும் தீங்கில்லை என்னும் பழைய முடிவையே உறுதி செய்தது. அறிஞர் இவ்வாறு முரண்படுவது மூக்கு வழியையும் வாய் வழியையும் வெவ்வேறாக நிறுத்துப் பார்ப்பதனாலுமாகும். விழுங்கிய தூளின் மிகப் பெரும்பகுதி மலத்தோடு கழிந்துவிடுகிறது. இதற்காக வைத்தியர் தந்த மாத்திரையை எவரும் நிறுத்துதல் கூடாது.

இரும்பின் நிலை வேறு. இரும்பொட்சைட்டுத் துணிக்கைகள் சிறுநீரக நோயாளரின் குருதிச்சோகைக்கு மருந்தாக 2009-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. ஈரல் அவற்றை உடைத்து, அவ்விரும்பைச் செங்குருதிக் கலமாக்கும் பணிக்கு வழங்கிவிடுகிறது. எனினும் சிலருக்குக் கடும் ஒவ்வாமை உண்டானமையால் 2015-இல் எச்சரிக்கை கடுமையாக்கப்பட்டது. இதே இரும்பொட்சைட்டை ஜெர்மன் வைத்தியர் மூளைப் புற்றுக்கட்டிக்குள்ளேயே ஊசியால் இட்டு, மாறும் காந்தப் புலத்தினாற் சூடாக்கிக் கட்டியை வாட்ட முயன்றனர். மீண்டெழுந்த மூளைப் புற்றுடைய 59 நோயாளரிடம் செய்த அம்முயற்சியின் பெறுபேறு 2011-இல் வெளியாயிற்று. இட்ட இரும்பு கட்டியிலேயே தங்கியது. அதனால் அந்நோயாளருக்குப் பின்னர் காந்தப் படம் எடுத்து மூளையைப் பார்க்க இயலாமற் போயிற்று. பல்லில் உலோக அடைப்பு இருந்தால் அதையும் முன்னரே களைய வேண்டியிருந்தது. மாதங்களையே எண்ணி வாழ்பவருக்கு, நெடுநாள் தங்கும் பொருளின் தீங்கு சிறிதாகத் தோன்றலாம். அத்துணிவை எல்லா நோய்க்கும் பொருத்தலாகாது.

தடுப்பூசியின் கொழுப்புத் துணிக்கைகள் கரைவன. அவற்றில் உலோகம் இல்லை. உடம்பு தன் கொழுப்பைச் சிதைக்கும் வழிகளாலேயே அவற்றையும் சிதைக்கிறது. எலிகளில் இவ்வகைத் தடுப்பூசியொன்றைச் சோதித்தபோது, மூளையிற் கண்ட அளவு குருதியில் இருந்ததன் நூற்றில் சில பங்கே. தோரியத்தின் கதையை எடுத்துக் காட்டி இத்தடுப்பூசியை அஞ்சச் செய்வது, உப்புக்கட்டியையும் கூழாங்கல்லையும் ஒன்றென்று சொல்வதற்கு ஒப்பாகும்.

மறுதலையாக, வெளியேறிவிடும் என்று எல்லாரும் நம்பிய பொருளொன்று தங்கிவிட்டதும் உண்டு. காந்தப் படம் துலங்குதற்கு ஏற்றப்படும் கடோலினியம் நனோத் துணிக்கையன்று. ஆயினும் அதன் கதை இங்கே பொருந்தும். அது சிறுநீரோடு கழிந்துவிடும் என்றே கருதினர். சிறுநீரகம் செயலிழந்தோருள் சிலருக்கு அதனால் தோல் இறுகிப்போவது 2006-இல் தெரியவந்தது. 2014-இல் யப்பானிய வைத்தியர், பன்முறை அம்மருந்தைப் பெற்றோர் மூளையின் சில பகுதிகள் படத்தில் வெண்மையாகத் தோன்றுவதைக் கண்டனர். மூளைக்கு அதனால் நோய் உண்டாவதாக நிறுவப்படவில்லை. எனினும் 2017-இல் ஐரோப்பிய மருந்து அதிகாரிகள் இலகுவிற் பிரியும் வகைகளிற் பெரும்பாலானவற்றை நிறுத்திவைத்தனர். இறுக்கமாகக் கட்டப்பட்ட வகைகள் தொடர்கின்றன. சிறுநீரக நோயுடையார் காந்தப் படத்துக்குச் செல்லும்போது அதனை முன்கூட்டியே சொல்லிவிடுதல் வேண்டும். முன்னர் எத்தனை தடவை அவ்வூசி ஏற்றப்பட்டதென்று தெரிந்தால் அதையும் சொல்லலாம்.

மருந்தாக ஏற்றும் துணிக்கைக்குக் கணக்கும் கையொப்பமும் உண்டு, புகைக்கு இல்லை. 2016-இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர், மெக்சிக்கோ நகரிலும் மான்செஸ்டரிலும் வாழ்ந்து இறந்த 37 பேரின் மூளைகளை ஆராய்ந்து, கடுஞ்சூட்டில் உருகித் திரண்டவை போன்ற உருண்டை வடிவக் காந்த இரும்புத் துணிக்கைகளைக் கண்டனர். அவை வாகனப் புகை முதலியவற்றிலிருந்து வந்தவை என்பது அவர்கள் துணிபு. புகைபோக்கியில்லாத குசினியில் விறகெரிப்போரும் நுண்ணிய கரித்துணிக்கைகளை நாடோறும் சுவாசிக்கின்றனர்.

எஞ்சியிருப்பது பற்பமும் செந்தூரமும். முறைப்படி முடித்த பற்பத்தின் துணிக்கைகளிலும் நனோ அளவினவை உண்டென்று இக்காலக் கருவிகள் காட்டுகின்றன. நன்மை சுமக்கும் நுண்மையே, முடிக்கத் தெரியாதவன் கையில் ஈயத்தையும் இரசத்தையும் உடம்பினுட் சேர்க்கும் வழியாகவும் அமையும். 2004-இல் வெளிவந்த ஆய்வொன்றில், அமெரிக்காவின் பொஸ்ரன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுள்வேத மருந்துகளுள் 14-இல் ஈயம், இரசம், பாசாணம் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இருந்தன. குழந்தைகளின் மூளைக்கு ஈயத்தில் தீங்கற்ற அளவென்று எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. இதனால் சித்த வைத்தியம் முழுவதையும் பழித்தல் நீதியாகாது. மூலிகைக் குடிநீருக்கும் தைலத்துக்கும் இவ்வாராய்ச்சி பொருந்துவதன்று. பட்டம் பெற்றுப் பதிவுசெய்த சித்த வைத்தியரும் கிழக்கில் இருக்கின்றனர். பெயரும் திகதியும் இல்லாத பொட்டலத்திற் சிவந்த தூளோ வெண்தூளோ வந்தால், அதிற் சேர்ந்த உலோகம் யாதென்று தந்தவரிடமே கேட்கலாம். குழந்தைக்கு வயிற்றுவலியோ வலிப்போ கண்டு வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும்போது, அப்பொட்டலத்தையும் உடன்கொண்டு போய்க் காட்டினால், குருதியில் ஈயம் உண்டா என்று பார்க்கவேண்டும் என்னும் நினைவு அங்குள்ள வைத்தியருக்கு வரும்.